பள்ளியின் ஆண்டு நிறைவு விழா



ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும் நெருங்கும் காலத்தில் உங்கள் பள்ளியில் ஒரு மாலைப்பொழுது வருகின்றது. வகுப்பறைப் பலகைகள் முற்றத்துக்கு வந்து மேடையாகின்றன. வாயிலில் வாழைமரங்கள் நிற்கின்றன. நண்பகல் தொட்டே ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடுகின்றது. அன்று மட்டும் மாலை மணி அடித்த பின்பும் எவரும் வீடு திரும்புவதில்லை. அதனையே ஆண்டு விழா என்கிறோம்.

இவ்விழா எங்கிருந்து வந்தது, எதற்காக நடைபெறுகின்றது, அதில் முதன்மையானது எது என்பவற்றை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். பல விழாக்களை நடத்தியிருக்கிறேன். அவற்றுள் ஒன்றில் நான் செய்த பிழையையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

நம் பள்ளிகளின் ஆண்டு ஜூன் திங்களில் தொடங்கி ஏப்ரலில் முடிகின்றது. இடையே செப்டம்பரில் காலாண்டுத் தேர்வும் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் வருகின்றன. உழவன் ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் களத்துமேட்டில் சற்றே அமர்ந்து இளைப்பாறுவான் அல்லவா? பள்ளியும் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் அவ்வாறே சற்று அமர்கின்றது. காலாண்டு விடுமுறையை ஒட்டி நவராத்திரி வருகின்றது. அரையாண்டின் முடிவில் கிறித்துமசு வருகின்றது. வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி நம் அரியலூர் மாவட்டத்தில் உள்ளது; இப்பகுதிக் கிறித்தவப் பள்ளிகளில் மாணவர்கள் வைக்கோலும் காகிதமும் கொண்டு குடில் அமைப்பதை நான் பலமுறை கண்டு மகிழ்ந்திருக்கிறேன்.

சனவரியில் பொங்கல் விடுமுறைக்கு முந்திய நாள் பள்ளி முற்றத்திலேயே பொங்கல் பானை ஏறுகின்றது. அப்பானையைக் கண்டு ஓர் ஊரின் மண்ணையே அறிந்துகொள்ளலாம். கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் புத்தரிசியும் கரும்பும் கொண்டுவருவர். செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துப் பிள்ளைகள் முந்திரிப் பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவர். மானாவாரி நிலமாகிய பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமுமே விளைவு. அங்கே அரிசி கடையிலிருந்துதான் வரும். ஆயினும் பானை பொங்கும்போது எழும் ஆரவாரத்தில் வேறுபாடு இராது.

இவ்விழாக்கள் அனைத்துக்கும் மகுடமாக அமைவதே ஆண்டு விழா. அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்களில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். தமிழ்த் தாத்தா டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய இளமைக் கல்வியின் ஒரு பகுதி அரியலூரிலும், இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள குன்னத்திலும் கழிந்தது. அவர் தம் வரலாற்றை ‘என் சரித்திரம்’ என்னும் பெயரால் 1940 முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் எழுதிவந்தார். பழைய திண்ணைப் பள்ளிகள் நடைபெற்ற முறையை அறிய விரும்பும் மாணவர் அந்நூலைத் தேடிப் படிக்க வேண்டும். மணலில் எழுதிப் பழகியதும், சட்டாம்பிள்ளை என்னும் மாணவத் தலைவன் ஆசிரியருக்குத் துணைநின்றதும் அக்காலத்து வழக்கங்கள்.

அத்திண்ணைப் பள்ளிக்கும் ஒரு விழா உண்டு. நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகள் நல்லாடை உடுத்துக் கையில் கோல்கள் ஏந்தி நிற்பர். ஆசிரியர் அவர்களை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வார். ஒவ்வொரு வாயிலிலும் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடுவர். வீட்டார் தம்மால் இயன்ற பணத்தை ஆசிரியருக்கு அளிப்பர். அரசின் ஊதியம் இல்லாத அக்காலத்து ஆசிரியருக்கு அதுவே ஆண்டு வருவாயின் ஒரு பகுதி. பிள்ளைகள் கற்ற பாட்டையும் ஆட்டத்தையும் ஊரார் கண்ணாரக் கண்டு, ‘இவர் நன்றாகத்தான் கற்பிக்கின்றார்’ என்று தெளிவதற்கும் அதுவே வாய்ப்பு. எனவே பள்ளி விழா என்பது தொடக்க நாள் முதலே பள்ளி ஊருக்குக் காட்டும் கணக்காக இருந்து வந்துள்ளது. அன்று பள்ளி வீடுகளைத் தேடிச் சென்றது. பிற்காலத்தில் மேடையும் பந்தலும் அமைந்தபோது வீடுகள் பள்ளியைத் தேடி வரலாயின.

நான் உயர்நிலைப் பள்ளியில் பயின்றது 1970களில். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஊர்கள். பெரம்பலூர் 1995ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகிப் பின்பு மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பெற்று, 2007ஆம் ஆண்டு நவம்பரில் மறுபடியும் தனியே பிரிந்தது. என் மாணவப் பருவத்தில் எங்கள் பள்ளிக்கு அரங்கம் கிடையாது. வகுப்பறைப் பலகைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் அதுவே மேடை. இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்தால் அதுவே திரை. பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சலுக்கு மேலே குரலை எழுப்பி நாங்கள் நாடகம் நடித்தோம். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் கிண்ணம் ஒன்று இன்றும் என் வீட்டில் புழங்குகின்றது.

ஊரும் பள்ளியும் இவ்வாறு நெருங்குவதற்கு அதற்கு முன்னரே வழி கோலப்பட்டிருந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1958 முதல், கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊர் மக்கள் ஒன்றுகூடித் தம் ஊர்ப் பள்ளிக்கு நாற்காலியும் பலகையும் கடிகாரமும் கட்டடமும் கொடுத்தார்கள். ‘இது அரசாங்கத்தின் பள்ளி’ என்றிருந்தவர்கள் ‘இது எங்கள் பள்ளி’ என்று சொல்லத் தொடங்கினார்கள். அங்ஙனம் கொடுத்த மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து, தம் கொடை என்ன பயன் தந்தது என்று காணும் நாளாகவும் ஆண்டு விழா அமைந்தது.

இனி விழாவின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்துடன் விழா தொடங்குகின்றது. 1970ஆம் ஆண்டில் அரசு விழாக்களின் தொடக்கப் பாடலாக ஏற்கப்பெற்ற அவ்வாழ்த்து, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. வரவேற்புரைக்குப் பின் தலைமையாசிரியர் ஆண்டறிக்கை படிக்கின்றார். மாணவர் பெரும்பாலும் கொட்டாவி விடும் இடம் இதுவே. ஆயினும் விழாவின் உயிர் நிலையும் இதுவே. எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர், எத்தனை பேர் இடையில் நின்றனர், என்ன குறை இன்னும் இருக்கின்றது என்பவற்றைப் பெற்றோர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லும் கடமை அது. அடுத்துப் பரிசளிப்பு. அதன்பின் கலை நிகழ்ச்சிகள். நன்றியுரையும் நாட்டுப்பண்ணும் முடிவு.

மேடையில் காண்பது இரண்டு மணி நேரம். அதன் பின்னால் இருப்பதோ மூன்று வார ஒத்திகை. அந்த ஒத்திகையே ஒரு பாடம் என்பது என் துணிபு. வகுப்பில் வாய் திறவாத ஒருவன் மேடையில் அரசனாகின்றான். கணக்கில் பின்தங்கிய ஒருத்தி தாளக்கட்டில் ஒரு மாத்திரையும் தவறுவதில்லை. தன் முறை வரும் வரையில் காத்திருப்பது, பிறர் மறந்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுப்பது, திரைக்குப் பின் நின்று கயிற்றை இழுப்பது ஆகியவற்றுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் வாழ்க்கை கேட்கும் வினாக்களுள் பல இவற்றைப் பற்றியனவே.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

1998ஆம் ஆண்டு ஒரு சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்றேன். முதல் விழா மிகச் சிறப்பாக அமைய வேண்டும் என்ற பேராவல் எனக்கு இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவியர் எண்மர் கோலாட்டத்துக்குப் பயிற்சி பெற்றுவந்தனர். எல்லாரும் ஒரே நிறப் பட்டுடையில் ஆடினால் அழகாக இருக்கும் என்று எண்ணித் திருச்சியிலிருந்து வாடகைக்கு உடை கொணர ஏற்பாடு செய்தேன். தலைக்கு 40 ரூபாய் என்று அறிவித்தேன். வெங்காயக் காட்டில் ஒரு பெண் நாள் முழுவதும் குனிந்து ஈட்டும் கூலிக்கு அது குறைந்ததன்று. அதனை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கொடுக்க இயலாதவர் என்னிடம் தனியே சொல்லலாம் என்றேனும் சொல்லியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு மாணவி ஒத்திகைக்கு வரவில்லை. கேட்டதற்குக் காய்ச்சல் என்றார்கள். கோலாட்டம் இணை இணையாக ஆடுவது. ஒருத்தி விலகினால் அவள் எதிரில் நிற்பவளின் கோல் வெறுங்காற்றைத்தான் அடிக்கும். ஆகவே அவளுடைய இணையையும் விலக்கி, அறுவரைக் கொண்டே ஆட்டத்தை முடித்தோம். வந்திருந்த பெரியோர் பாராட்டினர். கைதட்டல் அடங்கியபோது நான் தற்செயலாகப் பந்தலின் பின்புறம் நோக்கினேன். வேப்ப மரத்தடியில் அவ்விரு சிறுமியரும் அமர்ந்திருந்தனர். காய்ச்சல் என்று சொல்லப்பட்டவளின் விரல்கள் முழங்காலின்மீது தாளம் போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு அப்போதும் முழுதும் விளங்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. இணை வந்தாள், அவள் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குச் சென்றேன். தாயும் மகளும் திண்ணையில் அமர்ந்து வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தார்கள். தாய் எழுந்து நின்று, “பணம் இல்லைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்லிட்டா, ஐயா. இப்போ பள்ளிக்கூடம் பக்கம் வரவே கூசுதுங்குறா. நானும் காட்டுக்கு ஆள் இல்லாம இருக்கேன்” என்றார். “அம்மா, தவறு என்னுடையது. பிள்ளையை அனுப்புங்கள்” என்று வேண்டினேன். அந்தச் சிறுமி தலை நிமிரவே இல்லை. மும்முறை சென்றேன். அவள் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குச் சென்றுவிட்டாள் என்று அறிந்தேன்.

40 ரூபாய் ஒன்றே அவள் படிப்பை நிறுத்திற்று என்று நான் சொல்லமாட்டேன். வீட்டின் வறுமை இருந்தது. காட்டு வேலை இருந்தது. பெண்ணுக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்னும் எண்ணமும் ஊரில் இருந்தது. ஆனால் உள்ளே வரலாமா, வெளியே போகலாமா என்று வாயிற்படியில் நின்ற ஒரு குழந்தையை என் விழா வெளிப்பக்கம் தள்ளிவிட்டது. திண்ணைப் பள்ளிக் காலத்தில் ஊதியம் இல்லாத ஆசிரியர் வீடுகளில் பணம் பெற்றார். அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. அரசின் ஊதியம் பெற்ற நானும் ஏழையின் வீட்டில் கைந்நீட்டினேன். எனக்கு என்ன நியாயம் உண்டு?

அன்று ஓர் உண்மை எனக்கு விளங்கிற்று. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே பள்ளிக்கும் பிள்ளைக்கும் உள்ள கயிறு தளர்கின்றது. வேலைக்கு அனுப்பலாமா, மணம் முடிக்கலாமா என்று வீட்டார் எண்ணும் காலம் அதுவே. அந்த இடைவெளிக்கு முன் பள்ளி தன் பிள்ளையிடம் பேசும் இறுதிச் சொல் ஆண்டு விழா. ‘நீ எங்களுக்கு வேண்டியவன், மீண்டும் வா’ என்பதே அந்தச் சொல்லாக இருத்தல் வேண்டும். விழாவின் மற்றை அழகுகள் எல்லாம் இதற்குப் பின்னரே.

பின்வந்த ஆண்டுகளில் சில முறைகளை வகுத்துக்கொண்டேன். விழாவுக்காக எந்த மாணவரிடமும் பணம் பெறுவதில்லை. பள்ளிச் சீருடையே ஆடை. தோளில் ஒரு துண்டோ, தலையில் ஒரு காகிதப் பூவோ போதும். கோல்களை மாணவர்களே வெட்டிச் சாயம் பூசினார்கள். வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் சரிபார்ப்பேன். மேடையிலோ மேடைக்குப் பின்னோ வேலை இல்லாத பெயர் ஒன்றும் இருக்கக் கூடாது. முன்வரிசை நாற்காலிகளில் பாதி பெற்றோருக்கு உரியது. விருந்தினர் பேச்சு பத்து நிமிடம். சிற்றூர்களுக்குச் செல்லும் கடைசிப் பேருந்துக்கு முன் விழா முடிந்துவிட வேண்டும். நன்றியுரையின் இறுதியில் பள்ளி மீண்டும் திறக்கும் நாளையும், பத்தாம் வகுப்பு முடிப்பவர் மேனிலை வகுப்பில் சேரும் முறையையும் பெற்றோருக்கு விளங்கச் சொல்வோம். பகட்டுக் குறைந்தது உண்மை, கூட்டம் குறையவில்லை.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். இரவீந்திரநாத் தாகூர் 1901ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கினார். 1908ஆம் ஆண்டில் தம் மாணவர் நடிப்பதற்காக ‘சாரதோத்சவம்’ என்னும் நாடகத்தை எழுதினார். இலையுதிர் கால விடுமுறைக் களிப்பே அதன் பொருள். சிறுவர்கள் ஆடிப்பாடித் திரிகின்றனர். உபநந்தன் என்னும் ஒரு சிறுவன் மட்டும் அவர்களோடு சேரவில்லை. இறந்துபோன தன் ஆசானின் கடனைத் தீர்ப்பதற்காக அவன் ஏடு படியெடுத்துக்கொண்டிருக்கின்றான். துறவி வேடத்தில் வந்த அரசன் அவனருகில் அமர்ந்து தானும் எழுதத் தொடங்குகின்றான்; அவனைச் சூழ்ந்து சிறுவர்களும் சேர்கின்றனர். விடுமுறையைக் கொண்டாட எழுதிய நாடகத்திலேயே, விடுமுறை வாய்க்காத ஒரு பிள்ளையைக் கவிஞர் மறவாமல் வைத்தார். அதனைப் படித்தபோது வேப்ப மரத்தடியே என் கண்முன் வந்தது.

இன்று அரசும் இத்துறையில் கருத்துச் செலுத்துகின்றது. 2022ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்பெற்று, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்னும் படிகளில் மாணவர் போட்டியிடுகின்றனர். 2023-24ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகள் ஆண்டு விழா நடத்துவதற்கு நிதியும் ஒதுக்கப்பெற்றது. இரண்டும் வரவேற்கத் தக்கவையே. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. போட்டியின் நோக்கம் சிறந்தவரைத் தேர்ந்தெடுப்பது; அங்கே பலர் விலகித்தான் ஆக வேண்டும். ஆண்டு விழாவின் நோக்கம் எல்லாரையும் சேர்ப்பது; அங்கே ஒருவரும் விலகலாகாது.

திரைப்படப் பாடலுக்கு ஆடுவதே கலை நிகழ்ச்சி என்று எண்ணும் மாணவருக்கும் ஒரு சொல். உங்கள் காலடியில் உள்ள செல்வத்தைப் பாருங்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கின்றது. 1940ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனை உலகுக்கு அறிவித்தார். அரியலூரின் சுண்ணாம்புக் கல் நிலத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிர்களின் சுருள் ஓடுகள் கல்லுருவில் கிடைக்கின்றன. முதலாம் இராசேந்திர சோழன் தலைநகராக எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்திலேயே நிற்கின்றது. கடல் வற்றிய கதையையும் பேரரசன் ஏரி வெட்டிய கதையையும் நீங்களே எழுதி நடித்தால், உங்கள் பாட்டனும் பாட்டியும் தம் ஊரைப் புதிதாகக் காண்பார்கள். ஒருமுறை எங்கள் மாணவர் அவ்வாறு நடித்தபோது, ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் எழுந்து, தம் மடியிலிருந்த சுருட்கல் ஒன்றை எடுத்து மேடையில் வைத்தார். அன்றைய பரிசுகள் அனைத்திலும் அதுவே பெரிது.

மாணவர்களே, விழாவை நடத்துவோர் ஆசிரியர்கள். ஆனால் ஒத்திகையில் ஒருவர் திடீரென்று வராமற்போனால் அதன் காரணத்தை முதலில் அறியக்கூடியவர்கள் நீங்களே. நண்பனின் மானம் கெடாதவாறு அதனை ஆசிரியரிடம் மெல்லச் சொல்லுங்கள். அன்று எங்கள் கோலாட்டக் குழுவில் ஒருத்தி என்னிடம் வந்து சொல்லியிருந்தால், எட்டுக் கோல்களும் சேர்ந்தே ஒலித்திருக்கும். அவ்வாறு சொல்லும் துணிவு வராதபடி நடந்துகொண்டவனும் நானே. ஆதலால் ஆசிரியராகப் போகின்ற கல்லூரி மாணவருக்கும் இதனையே சொல்கிறேன்: பிள்ளைகள் அஞ்சாமல் வந்து உண்மையைச் சொல்லக்கூடிய ஆசிரியராக இருங்கள்.

அடுத்த முறை உங்கள் பள்ளியில் விளக்கு ஏற்றித் திரை விலகும்போது, மேடையைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பந்தலின் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே, மரத்தடியில், எவரேனும் தனியே அமர்ந்திருந்தால் எழுந்து சென்று அழைத்து வாருங்கள். விழா அதன் பின்பு தொடங்கட்டும்.